ஒரு சாண் காற்று

நெவில் டிரான்டர் மின்கம்பத்தடியில் நின்று தலையை அண்ணாந்துவிட்டால் நாங்கள் யாரும் பேச மாட்டோம். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, உச்சியில் இருக்கும் ஸ்விட்ச்சையே பார்ப்பான். மூன்று கம்பிகளுக்குக் கத்தி மாதிரி மூன்று இரும்பு அலகுகள். கீழிருந்து கைப்பிடியை இழுத்தால் மூன்றும் கவ்விகளை விட்டு விலகித் தொங்க வேண்டும். விலகிய இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கும், மின்சாரம் அதைத் தாண்டாது. அந்தக் காற்றின் வழியே வானம் தெரிகிறதா என்று ஒவ்வொரு அலகாகப் பார்ப்பான். மூன்றிலும் வானத்தைப் பார்த்த பிறகு "ம்" என்பான். அதன் பிறகுதான் சோதனைக் கருவி, எர்த் கம்பி, ஏணி எல்லாம்.

லைனை நிறுத்தியாகிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து ரேடியோவில் சொல்வார்கள். நெவில் மரியாதையாக நன்றி சொல்வான். சொல்லிவிட்டு அண்ணாந்து பார்ப்பான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. சில்வியோ மட்டும் விடமாட்டான்.

"என்னடா இவ்ளோ நேரம் பாக்கிற? மேல உன் மாமியாரா உக்காந்திருக்கா?" என்பான்.

நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. நெவில், சில்வியோ பெத்ரினி, நான். வடக்கு குவீன்ஸ்லாந்தில் ஆற்றங்கரைக் கரும்பு ஊர் எங்களுடையது. சில்வியோவின் அப்பா இத்தாலியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். மகன் கரும்பை விட்டுக் கம்பத்தில் ஏறினான். பருத்த உடம்பு, ஆனால் ஏணியில் கால் வைத்தால் பூனை. வேலையில் மட்டுமல்ல, குடியிருப்பிலும் நெவிலும் அவனும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஒரே சந்து. மேட்டில் நெவில் வீடு, பின்னால் அவனுடைய மாமரங்கள். சந்து இறங்கி முடியும் இடத்தில் சில்வியோ வீடு. ஒருவர் வீட்டு ரேடியோ மற்றவர் வீட்டில் கேட்கும். ஊர்த் தண்ணீரும் ஒரே குழாயில்தான் அந்தச் சந்துக்குள் வந்தது.

ஒரு பிப்ரவரியில் பெரிய புயல் அடித்துவிட்டுப் போனது. ஊர் முழுக்க இருட்டு. தூக்கமில்லாமல் கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்தோம். மழை விடவில்லை. மின்சாரம் இருந்தால் கத்தும் சோதனைக் கருவிக்குள்ளும் தண்ணீர் போய், அது மின்சாரம் உள்ள கம்பிக்கும் இல்லாத கம்பிக்கும் ஒரே மாதிரி மௌனமாக இருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. ஒரு கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் ஸ்விட்ச்சை இழுத்தோம், கருவியை வைத்தோம், சத்தமில்லை. சில்வியோ பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் பாதி ஏறிவிட்டான். நெவில் மட்டும் மழையில் முகத்தைக் கொடுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்கு," என்றான்.

"என்னவாம்?"

"நடு அலகுல வானம் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. மேகத்தின் கருப்பும் இரும்பின் கருப்பும் ஒன்றாகத்தான் இருந்தன. நெவில் வண்டியிலிருந்து பெரிய விளக்கை எடுத்து அடித்தான். இரண்டு அலகுகள் தொங்கின. நடு அலகின் பிடி முறிந்து, அது கவ்விக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. சில்வியோ இறங்கினான். இறங்கி, வண்டியின் மட்கார்டில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கப் பார்த்தான். ஈரத்தில் பற்றவில்லை. பற்றாத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான்.

அந்த வாரம் கார்மெல், சில்வியோவின் மனைவி, பெரிய தட்டு நிறைய லசான்யா செய்து மேட்டு வீட்டுக்குத் தானே தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் தட்டை நெவிலின் மனைவி நோரீன் கையில் கொடுத்துவிட்டு, நெவிலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். நெவிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகில் தட்டிக்கொண்டே நின்றானாம். சில்வியோ இதை மதுக்கடையில் நடித்துக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் நல்லபடியாகப் போயின.

நான் சொல்ல வந்தது அந்த அக்டோபர் சனிக்கிழமையைப் பற்றி. மழைக்கு முந்தைய காலம். காற்று அசையாமல், தகரக் கூரைகள் வெடிக்கிற வெயில். நெவில் தன் மாமரங்களுக்கு அடியில் களைக்கொல்லி அடிக்கத் தயாரானான். இழுவை வண்டியில் வைத்த டேங்க்கில் மருந்தை ஊற்றி, தோட்டத்துக் குழாயிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து வந்து தண்ணீர் விட்டான். மேலிருந்து தண்ணீர் விழுந்தால் அந்த மருந்து சோப்பு மாதிரி நுரைத்துத் தள்ளும். அதனால் அவன் எப்போதும் செய்வதையே செய்தான். குழாயின் நுனியை டேங்க்கின் அடிவரை இறக்கி முக்கிவிட்டான். நுரை வரவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நிரப்பினார்கள்.

உள்ளேயிருந்து நோரீன் கூப்பிட்டாள். அவன் தம்பி ஃபோனில் இருந்தான். ஒரு நிமிடம்தான் என்று போனவன், தம்பியின் விவாகரத்துக் கதையைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

அதே நேரத்தில் பெரிய சாலையில் வடிகால் தோண்டிய இயந்திரம் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டது. ஊருக்குத் தண்ணீர் தரும் குழாயில் அழுத்தம் போனது. மேட்டில் நெவிலின் டேங்க், பள்ளத்தில் சில்வியோவின் தோட்டத்துக் குழாய், இரண்டுக்கும் நடுவில் தடையே இல்லாத ஒரே நீர்ப்பாதை. புல் வெட்டிவிட்டு வந்த சில்வியோ தாகத்தில் குழாயைத் திறந்தான். மேட்டு டேங்க்கில் இருந்தது ரப்பர் குழாய் வழியே பின்வாங்கி, சந்துக் குழாய்க்குள் இறங்கி, அவன் கைக்கு வந்தது.

நெவில் வெளியே வந்தபோது டேங்க்கில் மட்டம் இறங்கியிருந்தது. நிரம்பியிருக்க வேண்டியது பாதிகூட இல்லை. டேங்க்கில் ஓட்டை என்று நினைத்தான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். மண் காய்ந்திருந்தது. சுற்றிச் சுற்றி வந்து மூடியை, திருகுகளை, மூலைகளை எல்லாம் தடவிப் பார்த்தான். பிறகு குழாய்ப் பக்கம் போனான். ரப்பர் குழாய் உள்ளே ஏதோ உறிஞ்சுகிற சத்தம். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஓட்டை தேடிய அந்த நேரத்தைப் பற்றிப் பின்னால் என்னிடம் பல முறை பேசியிருக்கிறான். மற்றதைப் பற்றிப் பேசுவது குறைவு.

"நோரீன், யாரையும் தண்ணி குடிக்க விடாத, சந்து பூரா சொல்லு," என்று கத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் இறக்கத்தில் ஓடினான்.

சில்வியோ பின்வாசல் படியில் நனைந்த பனியனோடு உட்கார்ந்திருந்தான். கார்மெல் கடைக்குப் போயிருந்தாள்.

"உங்க வீட்லயும் தண்ணி நாறுதாடா?" என்றான்.

"குடிச்சியா?"

"குடிக்காம? வெயிலப் பாத்தியா."

"எவ்ளோ குடிச்ச?"

"என்னடா டாக்டர் மாதிரி கேக்கிற. கை நெறைய ரெண்டு மூணு தடவ. அப்புறம் ஒரு மாதிரி இருந்துச்சு, துப்பிட்டேன்."

நெவில் சொன்னான். மருந்தின் பெயரோடு, எவ்வளவு கலந்தான் என்பதோடு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சில்வியோ அவனையே பார்த்தானாம். "நீயா?" என்று மட்டும் கேட்டானாம்.

நெவில் வண்டியை எடுத்தான். மருந்துப் புட்டியைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தான். அந்தப் புட்டியால்தான் சில்வியோ பிழைத்தான் என்று பிறகு அந்த டாக்டரே சொன்னார். என்னவென்று தெரியாமல் தடுமாறியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது.

முதல் சில நாட்கள் சில்வியோ நன்றாகத்தான் இருந்தான். நர்சுகளைச் சிரிக்கவைத்தான், சாப்பாட்டைத் திட்டினான். நான் போனபோது, "நெவில் மாந்தோப்புல இன்னும் களை இருக்கு, என் வயித்துல ஒரு களை இல்ல," என்றான். நானும் சிரித்தேன். கார்மெல் சிரிக்கவில்லை. டாக்டர் அவளை முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை காட்டும், நுரையீரலைத்தான் தேடிப் போகும் என்று. அடுத்த வாரம் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

நீர் அலுவலகத்திலிருந்து வெண்டி என்ற ஒரு பெண் விசாரிக்க வந்தாள். நெவில் என்னையும் கூட இருக்கச் சொன்னான். அவள் டேங்க்கைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், சந்தின் சரிவைப் பார்த்தாள். கோபமாகப் பேசவில்லை. ரப்பர் குழாயின் நுனியைத் தூக்கி டேங்க்கின் விளிம்புக்கு மேலே பிடித்து, நடுவில் தன் விரல்களை விரித்து அளந்து காட்டினாள்.

"ஒரு சாண் இருந்திருந்தா போதும், மிஸ்டர் டிரான்டர்."

"ஒரு சாண் என்ன?"

"காத்துதான். அழுத்தம் போச்சுன்னா குழாய் காத்தத்தான் இழுக்கும், மருந்த இழுக்காது. உங்க சமையல்கட்டுல போய்ப் பாருங்க, குழாயோட வாய் தொட்டி விளிம்புக்கு மேலதான் இருக்கும். அழகுக்கு இல்ல, இதுக்குத்தான். தொட்டி நெறஞ்சு வழிஞ்சாலும் அழுக்குத் தண்ணி அந்த எடைவெளியத் தாண்டி மேல ஏறாது. வால்வு கெட்டுப்போகும், மனுஷன் மறந்துபோவான். காத்து கெட்டுப்போகாது."

நெவில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"கம்பத்துல பாப்பேன்," என்றான். "தெனமும் பாப்பேன்."

அவளுக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன், மின்கம்பத்தில் அவன் எதைப் பார்ப்பான், ஏன் பார்ப்பான் என்று. அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் நிரப்புகிறார்கள், அவன் கெட்ட நேரத்துக்குக் குழாய் உடைந்தது, அவ்வளவுதான் என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவள் போன பிறகு சமையலறைக்குள் போய், குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். நோரீன் ஈரத் துணியோடு ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை எச்சரிக்கையோடு முடிந்தது. குழாயை உடைத்தவர்கள் மீதும் பாதிப் பழி விழுந்தது.

சில்வியோ வீடு திரும்பினான். கம்பம் ஏற முடியாது, ஏணியின் மூன்றாவது படியிலேயே நின்றுவிடுவான். பணிமனைக் கிடங்கில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். நெவில் விடியும்போதே போய் அவன் வீட்டுப் புல்லை வெட்டுவான், கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் அடைத்த இலைகளை அள்ளுவான், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவைப்பான். கார்மெல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஒரு நாள் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கத்தினாள், போதும், நீ வெட்டாவிட்டால் புல் வளரட்டும் என்று.

சில்வியோ அவனை வரவேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. மாலையில் இருவரும் படியில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். கால்பந்து பற்றிப் பேசுவார்கள், அலுவலகத்தை வைவார்கள். ஒரு மாலை சில்வியோ சட்டென்று கேட்டானாம்.

"நெவில், அந்தப் புயல் அன்னிக்கு நான் மேல போயிருந்தா, ஒரு செகண்டுல முடிஞ்சிருக்கும்ல?"

நெவில் கையிலிருந்த பீரைப் படியில் வைத்தான்.

"சும்மா கேட்டேன்டா. குடி."

இதை நெவில் என்னிடம் சொன்னபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சொன்னான்.

வேலையில் அவன் மாறிப்போனான். பழையபடி அண்ணாந்து பார்ப்பான், "ம்" என்பான், பிறகு மறுபடியும் பார்ப்பான். "லெஸ், நீயும் பாரு," என்று என்னைக் கூப்பிடுவான். நான் பார்த்துத் தெரிகிறது என்பேன். நடு அலகிலும் தெரிகிறதா என்பான். தெரிகிறது என்பேன். அப்படியும் ஏணியைத் தொட விடமாட்டான். எங்கள் வேலை பின்தங்கியது. எங்கு போனாலும் அவன் கண் இடைவெளிகளையே தேடியது. சர்க்கரை ஆலைக்குப் போனால், பெரிய மோட்டாரில் சுழலும் பாகத்துக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே தாள் கனத்துக்கு இருக்கும் இடைவெளியைக் காட்டி, இது அடைத்தால் மோட்டாரே எரிந்துபோகும் என்பான். பழைய டிரான்ஸ்ஃபார்மர்களின் தலையில் இரண்டு இரும்புக் கொம்புகள் எதிரெதிரே இருக்கும். இடி இறங்கினால் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்து மண்ணுக்குப் போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பும். ஒரு கம்பத்தடியில் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்துதான் தடுக்குது, காத்துதான் விட்டும் குடுக்குது. அளவுதான் லெஸ்," என்றான். "எனக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தண்ணி வேறன்னு நெனச்சிட்டேன்."

பிறகு அவனே லைன் வேலையை விட்டுவிட்டான். அறுவடைக் காலத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் ரயிலை ஓட்டப் போனான். மீதி நாட்களில் தோட்டம் தோட்டமாகப் போனான். தடித்த கம்பியை வளைத்து, டேங்க் விளிம்புக்கு மேலே ரப்பர் குழாயைப் பிடித்துக்கொள்கிற மாதிரி கொக்கிகள் செய்திருந்தான். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மாட்டிவிட்டான். மதுக்கடைக்குள் அவன் நுழைந்தால், "குழாய் போலீஸ் வருதுடா, கிளாஸ மேல தூக்கிப் பிடி," என்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, எங்கள் ஊரின் பேச்சே அப்படித்தான். அவன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போய்விடுவான். பல பேர் நுரை தாங்காமல் அந்தக் கொக்கியை மறுநாளே கழற்றிப்போட்டார்கள். அதுவும் அவனுக்குத் தெரியும். மறுபடியும் போய் மாட்டுவான்.

எங்கள் ஊரின் ஈரக் காற்று சில்வியோவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கார்மெலின் அக்கா இருந்த மலைமேல் மேட்டுநிலத்துக்கு, குளிர்ந்த இடத்துக்கு, வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். பணிமனையில் கேக்கும் சாண்ட்விச்சும் வைத்து வழியனுப்பினோம். நெவில் உள்ளே வரவில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் வண்டியில் உட்கார்ந்திருந்தான். சில்வியோ ஆக்ஸிஜன் உருளையை இழுத்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, சாலையைக் கடந்து போனான். வண்டி ஜன்னலில் சாய்ந்து என்னவோ பேசினான். என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. இருவரும் சொல்லவில்லை.

சில குளிர்காலங்களுக்குப் பிறகு, சளிக் காய்ச்சல் வந்து சில்வியோ இறந்துபோனான். சவப்பெட்டியைத் தூக்குகிறவர்களில் நெவிலும் இருக்க வேண்டும் என்று அவன் முன்பே சொல்லிவைத்திருந்தானாம். கார்மெலின் அக்கா எனக்கு ஃபோனில் சொன்னாள், நான் நெவிலிடம் சொன்னேன். அவன் தன் ஒரே கோட்டை எடுத்துத் தேய்த்தான்.

மேட்டுநிலத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மாதா கோயில் வாசலிலேயே கார்மெல் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் படியிறங்கி வந்தாள். அவளும் இளைத்திருந்தாள்.

"நெவில், அவரு உன்ன மன்னிச்சிட்டாரு. மொத நாளே மன்னிச்சிட்டாரு, அது உனக்கும் தெரியும்," என்றாள். "நான் இன்னும் மன்னிக்கல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். முடியல."

"சரி, கார்மெல்."

"ஒண்ணும் தெரியாதவன் செஞ்சிருந்தா பரவால்ல. உனக்குத் தெரியும். அந்த ஊர்லயே வேற எவனுக்கும் இல்லாத அளவுக்கு உனக்குத் தெரியும்."

"ஆமா."

"பெட்டியத் தொடாத. உள்ள வந்து உக்காரு, அது பரவால்ல. தூக்க வேண்டாம்."

"சரி."

கார்மெல் திரும்பி உள்ளே போய்விட்டாள். நெவில் உள்ளே வரவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த பெரிய அத்தி மரத்தடியில் கோட்டோடு நின்றான். பாட்டு முடிந்து நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். கார்மெல் அவன் பக்கம் பார்க்கவில்லை. நோரீன் மட்டும் கூட்டத்திலிருந்து விலகிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

திரும்பும்போது நான்தான் வண்டியை ஓட்டினேன். நோரீன் பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். மலைப்பாதையின் வளைவுகளில் பனி இறங்கியிருந்தது, மெதுவாகத்தான் போக முடிந்தது. அடிவாரத்தில் கரும்பு வயல்கள் தெரிய ஆரம்பித்தபோது நெவில் கேட்டான்.

"பெட்டிய முன்னாடி எடது பக்கம் யாரு பிடிச்சது?"

"நான்தான்."

"கனமா இருந்தானா?"

சில்வியோவின் பழைய உடம்பை நாங்கள் இருவருமே அறிவோம். கம்பத்தின் மேலே அவன் நின்றால் ஏணி முனகும்.

"இல்ல நெவில்," என்றேன். "கனமே இல்ல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.